பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போவது ஏன்?

கேள்வி: வேளச்சேரியில் ஒரு கிளினிக்குக்கு முன்பதிவு ஆப் எழுதியிருக்கிறேன். பிறந்த தேதியை 1988 ஜூன் 12 என்று தேர்ந்தெடுத்தால் டேட்டாபேஸில் ஜூன் 11 என்று விழுகிறது. இப்போதைக்கு ஒரு நாளைக் கூட்டிச் சமாளிக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. முதலில் அந்தக் கூட்டலை எடுத்துவிடுங்கள்.

காலண்டரில் தேதியைத் தொட்டதும் ஜாவாஸ்கிரிப்ட் அதைச் சென்னை நேரப்படி ஜூன் 12 நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. தேதியை எழுத்தாக்கித் தரும் 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' என்ற கட்டளை அதை உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றுகிறது. நாம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் சர்வருக்குப் போய்ச் சேருவது ஜூன் 11, 18:30. அதில் தேதியைக் குறிக்கும் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டிச் சேமித்தால் முந்தைய நாள்தான் கிடைக்கும். மார்கழி விடியலில் கோலம் போட்டு முடிக்கிற வரைக்கும் யூடிசிக்கு நேற்றுதான்!

சரி, ஒரு நாள் கூட்டினால் என்ன? நியூஜெர்சியில் இருக்கும் மகள் அம்மாவுக்காகப் படிவத்தை நிரப்புகிறாள் என்று வையுங்கள். அங்கே நள்ளிரவு என்பது யூடிசியில் அதே நாள் காலை 4 அல்லது 5 மணி. சரியாக வந்த தேதியை நீங்கள் கூட்டிக் கெடுப்பீர்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு 1944-இல் பிறந்த தாத்தா காத்திருக்கிறார். உலகப் போர் காரணமாக 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை நம் கடிகாரம் ஆறரை மணி நேரம் முன்னால் ஓடியது. பிரவுசருக்கு அது தெரியும். தாத்தாவின் நள்ளிரவு 17:30 ஆகப் போகும். ஐந்தரை கூட்டினால் 23:00. மறுபடி முந்தைய நாள்.

பிறந்த தேதிக்கு மணியும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. '1988-06-12' என்று எழுத்தாகவே அனுப்பி, டேட்டாபேஸில் தேதிக்கு மட்டுமான 'டேட்' டைப்பில் வையுங்கள். திரும்பக் காட்டும்போதும் அதை ஜாவாஸ்கிரிப்டின் 'நியூ டேட்'டுக்குள் போடாதீர்கள். மணி இல்லாத தேதியை அது யூடிசி நள்ளிரவாகப் படிக்கும். அமெரிக்காவில் ஜூன் 11 என்று தெரியும்.

முன்பதிவு செய்த நேரம் வேறு விஷயம். அதை யூடிசியில் வைத்து, 'ஏசியா/கொல்கத்தா' மண்டலத்தில் காட்டுங்கள். 'ஐஎஸ்டி' என்று எழுத வேண்டாம், இஸ்ரேலும் அயர்லாந்தும் அதே சுருக்கத்தை வைத்திருக்கின்றன.

அப்புறம், ஏற்கெனவே சேர்ந்த பதிவுகள். முழு நேரமும் சர்வரின் பதிவேடான லாக்கில் இருந்தால் பிழைத்தீர்கள்: 18:30, 17:30 எல்லாம் இங்கிருந்து வந்தவை, 04:00, 05:00 அமெரிக்காவிலிருந்து. தேதி மட்டும் மிஞ்சியிருந்தால், நோயாளி அடுத்த முறை வரும்போது ரிசப்ஷனில் ஆதாரைப் பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டியதுதான்.