அல்பைன் ஏ480 ஏன் முன்னதாகவே பிட்டுக்கு வந்தது?

காரணம் பெட்ரோல் டேங்க். 2021 லெ மான்ஸ் 24 மணிநேரக் கார் பந்தயத்தில் எஞ்சின் பவரைக் குறைத்தும் அல்பைனின் ஏ480 கார் ஏன் டொயோட்டாவுக்கு முன்பே பெட்ரோல் போட பிட்டுக்கு (பந்தயத்தின் நடுவே வண்டியை நிறுத்தும் இடம்) வந்தது என்று கேட்டிருந்தீர்கள். பவரைக் குறைக்க எஞ்சின் மென்பொருளில் கை வைத்தால் போதும். டேங்க் அப்படி இல்லை. அது ஓட்டுநரின் முதுகுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, வண்டியின் உடலான கார்பன் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பெரிதாக்க வேண்டுமென்றால் கூட்டையே மாற்ற வேண்டும்.

அந்த வண்டியின் பூர்வீகத்தைப் பாருங்கள். எல்எம்பி2 என்ற இரண்டாம் நிலைப் பிரிவுக்காக வந்த ஓரெக்கா 07 காரிலிருந்து 2018-இல், அப்போதைய உச்சப் பிரிவான எல்எம்பி1-க்கான வண்டியாக ரெபெல்லியன் ஆர்13 பிறந்தது. அதுவே 2021-இல் அல்பைன் பெயரில், பழைய வண்டிக்கான விதிவிலக்கு அனுமதியோடு, எல்எம்பி1-க்குப் பதிலாக வந்த ஹைப்பர்கார் பிரிவில் ஓடியது. ஆக டேங்க் பழைய எல்எம்பி1 கணக்குக்கு அமைந்தது. அப்புறம், அதில் இருந்தது 4.5 லிட்டர் கிப்சன் வி8 எஞ்சின், மின்மோட்டார் உதவும் ஹைபிரிட் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது டொயோட்டா திரும்பச் சேமிக்கும் ஆற்றல் இதற்கு இல்லை; எல்லாம் பெட்ரோலிலிருந்தே வர வேண்டும்.

நீங்களே சரிபார்க்கலாம். பந்தயத்தின் லேப் (சுற்று) பட்டியலை எடுத்து, இரண்டு வண்டிக்கும் பிட்டுக்குப் பிட் எத்தனை லேப் என்று எண்ணுங்கள். விபத்து போன்றவற்றால் வேகத்தைக் குறைக்க வைக்கும் பாதுகாப்பு கார், ஸ்லோ ஸோன் வந்த பகுதிகளை விட்டுவிடுங்கள். அங்கே எல்லோருக்கும் பெட்ரோல் மிச்சமாகும்.

ஒன்று மட்டும் கவனம்: கடைசி மணிநேரங்களை ஒப்பிடாதீர்கள். டொயோட்டாவுக்கு அப்போது எரிபொருள் அழுத்தக் கோளாறு. 8-ஆம் எண் வண்டி வழக்கத்தைவிடச் சீக்கிரமே உள்ளே வந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவில் அல்பைன் மூன்றாவதாக முடித்தது, உண்மையிலேயே பெரிய விஷயம்.