ராஜா தலைக் காசும் பள்ளிக்கூடப் பையனும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே சிறுவரைப் பற்றியவை. அவர் பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் சார்லஸின் பேரனும் இளவரசர் வில்லியமின் மூத்த மகனுமான ஜார்ஜ். செட்டிநாட்டின் நான்கு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்த அந்தக் கடிதங்களுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காரைக்குடி வாசகி): என் பேரன் 2013-ஆம் ஆண்டில் பிறந்தவன். இளவரசர் ஜார்ஜுக்கும் அதே வயது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அவனும் என்னைப் போல வீட்டுப்பாடம் எழுதுவானா, ஆயா?" என்று விடாமல் கேட்கிறான். என்ன சொல்வது?

பதில்: பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எங்கே பிறந்தால் என்ன, வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிவிட முடியுமா, ஆச்சி? எழுதுவான் என்றே சொல்லுங்கள். ஆனால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே பழைய வழக்கம் அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜார்ஜின் பூட்டியான இரண்டாம் எலிசபெத் ஒரு நாளும் பள்ளி வகுப்பில் உட்கார்ந்து படித்தவர் அல்லர். வீட்டோடு இருந்த ஆசிரியை பாடம் சொன்னார். அரசியலமைப்பு வரலாற்றை ஈட்டன் கல்லூரியைச் சேர்ந்த ஹென்றி மார்ட்டன் கற்பித்தார். சின்ன வயதிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க ஒரு வாரிசை அனுப்பியது 1956-இல், இன்றைய அரசர் சார்லஸ் சிறுவராக இருந்தபோதுதான்.

ஜார்ஜ் 2013 ஜூலை 22 அன்று லண்டனிலுள்ள செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் பிறந்தார். 2016 ஜனவரியில் நார்ஃபோக்கில் ஒரு மாண்டிசோரி மழலையர் பள்ளியிலும், 2017 செப்டம்பரில் லண்டனின் தாமஸ் பேட்டர்ஸீ பள்ளியிலும், குடும்பம் வின்ட்சருக்குக் குடிபெயர்ந்த 2022-இல் லாம்ப்ரூக் பள்ளியிலும் சேர்ந்தார். தங்கை சார்லட்டும் தம்பி லூயியும் லாம்ப்ரூக்கில் அவருடன் சேர்ந்தே படிக்கத் தொடங்கினர்.

இதுவரை உங்கள் பேரனின் கதை போலத்தான் இருக்கிறது. இனிமேல்தான் வேறுபாடு. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, 2014 ஏப்ரலில் நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரில், அந்நாட்டுக் குழந்தைகள் சிலரோடு தரையில் தவழவிட்டார்கள். அந்த விளையாட்டே ஓர் அரசுமுறை நிகழ்ச்சியாகிச் செய்தியாளர்களின் கேமராக்களுக்கு முன்னே நடந்தது. ஒன்பது வயதில், 2022 செப்டம்பர் 19 அன்று, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பூட்டியின் சவப்பெட்டிக்குப் பின்னால், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பெற்றோருடன் நடந்து வந்தார். அடுத்த ஆண்டு மே 6 அன்று, அதே இடத்தில் நடந்த முடிசூட்டு விழாவில், வேறு மூன்று சிறுவர்களுடன் சேர்ந்து தாத்தாவின் நீண்ட மேலங்கியைத் தாங்கிப் பிடித்தார்.

நம் பக்கத்தில் கார்த்திகைப் புதுமை என்று ஒரு சிறுவனுக்குப் பட்டும் நகையும் பூட்டி, உறவெல்லாம் கூடி நின்று பார்க்கிறோம். பையன் கூச்சத்தோடு நிற்பான். மறுநாள் பட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கோலி விளையாடப் போய்விடுவான். ஜார்ஜுக்கு அந்த மறுநாள் முழுதாக வருவதில்லை. பெற்றோர் அதை அவருக்கு எவ்வளவு மீட்டுத் தரப் பார்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): ஜார்ஜின் பிறந்தநாளுக்கு வெளியாகும் படத்தின் கீழே பல ஆண்டுகளில் "தாயார் எடுத்தது" என்று இருக்கிறது. அவ்வளவு பெரிய அரண்மனைக்கு ஒரு போட்டோக்காரர் கிடைக்கவில்லையா?

பதில்: கிடைக்காமல் என்ன? வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். முதல் அதிகாரபூர்வக் குடும்பப் படத்தையே, 2013 ஆகஸ்டில், தாய்வழித் தாத்தா தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்து எடுத்தார். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்தநாள், பள்ளியின் முதல் நாள் போன்ற தருணங்களில் அரண்மனையே படம் கொடுத்துவிடும். அதற்கு ஈடாக மற்ற நாட்களில் பிள்ளைகளைப் பத்திரிகைகள் துரத்தக் கூடாது. மக்களின் ஆவலுக்குப் படியளந்து, மிச்சமுள்ள நாட்களைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பேரம் என்றே இதைச் சொல்வேன். இந்தப் பேரம் நியாயமானது என்பது என் கருத்து. ஏனெனில் இதன் மறுபக்கம் என்ன என்பதை வில்லியம் பதினைந்து வயதில் பார்த்துவிட்டார். 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில், படக்காரர்கள் பின்தொடர்ந்த கார் விபத்துக்குள்ளானதில் அவருடைய தாய் டயானா உயிரிழந்தார்.

ஜார்ஜுக்கு இரண்டு வயதானபோதே அந்தத் துரத்தல் தொடங்கியிருந்தது. 2015 ஆகஸ்டில் கென்சிங்டன் அரண்மனை ஊடகங்களுக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதியது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு அருகே ஒரு படக்காரர் காரின் டிக்கிக்குள் தீனியோடு ஒளிந்து காத்திருந்ததையும், ஜார்ஜை வெளியே வரவழைக்க மற்றக் குழந்தைகளையே சிலர் பயன்படுத்தியதையும் அது விவரித்தது. பெற்றோரின் புகழை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு குழந்தையின் சொந்த வாழ்க்கையை வெளியிடக் கூடாது என்று பிரிட்டிஷ் பத்திரிகையாசிரியர்களின் நடத்தை விதி சொல்கிறது. ஆனால் அந்நாட்டு எல்லையைத் தாண்டினால் அந்த விதிக்குப் பல் இல்லை.

பேரம் பொய்த்த இடங்களும் உண்டு. 2019-இல் ஆறு வயது ஜார்ஜ் பாலே நடனம் கற்பதைச் சொல்லி அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் நேரலையில் சிரித்தார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டார்; நடனக் கலைஞர்கள் பலர் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் திரண்டு ஆடியும் காட்டினார்கள். பள்ளிப் பாடத்திட்டத்தில் இருந்த ஒரு வகுப்புக்காக ஒரு குழந்தை கேலிப் பொருளானது, அதுவும் வேறு கண்டத்தில்!

2024 மார்ச்சில் தாயார் கேத்தரினும் பிள்ளைகளும் இருந்த அன்னையர் தினப் படம் திருத்தப்பட்டிருக்கிறது என்று கண்டு, பெரிய செய்தி நிறுவனங்கள் அதைத் திரும்பப் பெற்றன. திருத்தியது தாமே என்று கேத்தரின் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் 22-ஆம் தேதி தமக்குப் புற்றுநோய் இருப்பதை அறிவித்தபோது, மூன்று பிள்ளைகளுக்கும் அவர்கள் வயதுக்கு ஏற்றபடி எடுத்துச் சொல்வதற்கே நாள் பிடித்தது என்றார். ஊரே படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்த பேச்சு அது.

கேள்வி (தேவகோட்டை வாசகி): மூத்த பிள்ளை ஆணாகப் பிறந்ததால்தானே இவருக்கு இந்த இடம்? பெண்ணாகப் பிறந்திருந்தால்?

பதில்: பெண்ணாக இருந்தாலும் இதே இடம்தான். 2011 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பிரிட்டிஷ் முடியைத் தலைமையாக ஏற்ற 16 நாடுகளும் மகனுக்கு முன்னுரிமை தரும் விதியை நீக்க ஒப்புக்கொண்டன. 2013-இல் சட்டமாகி, 2015 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதன் முழுப் பயன் தங்கைக்குத்தான். 2018-இல் லூயி பிறந்தபோது சார்லட் தம் இடத்தை இழக்கவில்லை. அவருடைய அத்தைப்பாட்டி இளவரசி ஆன் அப்படித் தப்பவில்லை. பின்னால் பிறந்த இரு தம்பியரும் அவரை முந்திவிட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் இன்னொரு பிரிவையும் நீங்கள் ரசிப்பீர்கள். வாரிசு வரிசையில் முதல் ஆறு இடங்களில் இருப்பவர் அரசரின் சம்மதம் இல்லாமல் மணம் செய்துகொண்டால், அவரும் அந்த மணத்தின் வழிவந்தவர்களும் முடியுரிமையை இழப்பார்கள். 1772-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்தக் கட்டு இன்னும் பலரை இறுக்கியிருந்தது. இரு வீட்டாரும் இசைகுடிமானம் என்னும் திருமணச் சம்மதப் பத்திரம் எழுதித் திருமணம் முடிக்கும் நம் ஊரில் இது யாருக்கும் வியப்பாக இராது.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஆயா வைத்திருந்த ராஜா தலைக் காசுகள் சில இருக்கின்றன. அந்த ஜார்ஜுக்கு இவர் என்ன உறவு? நம் வழக்கப்படி ஐயா பெயரை வைத்திருக்கிறார்களா?

பதில்: ஐயா பெயர் அன்று, இவருடைய தாத்தாக்கள் சார்லஸும் மைக்கேலும். உங்கள் காசில் இருப்பவர் ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ். எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆறாம் ஜார்ஜ் இவருக்கு எள்ளுத்தாத்தா, ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கும் தந்தை. ஆறாம் ஜார்ஜுக்கு வீட்டில் வைத்த முதற்பெயர் ஆல்பர்ட். 1936 டிசம்பரில் அரியணை ஏறியபோதுதான் ஜார்ஜ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். ஆகவே இந்தச் சிறுவரும் ஒரு நாள் வேறு பெயரை எடுத்துக்கொள்ளலாம்; வைத்த பெயரையே வைத்துக்கொண்டால் ஏழாம் ஜார்ஜ் ஆவார்.

பிரிட்டிஷ் நாணயங்களில் ஒவ்வோர் அரசரும் முன்னவருக்கு எதிர்த்திசையில் முகம் காட்டுவது நெடுநாள் வழக்கம். எலிசபெத் வலப்பக்கம் பார்த்தார், சார்லஸ் இடப்பக்கம் பார்க்கிறார். வழக்கம் நீடித்தால் வில்லியம் வலப்பக்கமும், இந்தச் சிறுவர் இடப்பக்கமும் பார்ப்பார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் ராஜா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று எடுத்துப் பாருங்கள், அவரும் இடப்பக்கம்தான்.