ஒரே கட்டையில் செய்த இங்கிலீஷ் நீள்வில் எப்படி ஒடியாமல் வளைகிறது?

இதற்கு யூ (yew) என்ற ஊசியிலை மரமே ஏன் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். பதில் அந்த மரத்துக்குள்ளேயே இருக்கிறது. யூ மரத்தின் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரப்பகுதி, இழுவிசையை நன்றாகத் தாங்கும், உள்ளே இருக்கும் செம்பழுப்பு வைரம், அதாவது நடுமரம், அமுக்கத்தைத் தாங்கும். அதனால் கட்டையைப் பிளக்கும்போதே இரண்டும் சேர்ந்து வருகிற மாதிரி எடுத்து, வெளிறு இலக்கைப் பார்க்கும் முதுகாகவும், வைரம் எய்பவரைப் பார்க்கும் வயிறாகவும் அமையும்படி செதுக்குகிறார்கள். ஒட்டு வேலையே இல்லாமல் இயற்கையே செய்து கொடுத்த இரட்டை அடுக்கு!

கட்டையின் முனைகளுக்கு மெழுகு பூசி ஒரு வருஷமாவது உலரவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். முதுகில் வளர்ச்சி வளையம் (மரம் வருஷா வருஷம் சேர்க்கும் அடுக்கு) அறுபட்டால் முறிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். கணு இருந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் மரத்தைத் தூக்கலாக விட்டுவிடுங்கள்.

கஷ்டமான கட்டம் அப்புறம்தான். நாணைக் கொஞ்சமாக இழுத்து, மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்து, விறைப்பாக நிற்கும் இடத்தில் வயிற்றுப் பக்கம் மட்டும் மெல்லிய சுருளாகச் சுரண்டி, மறுபடி இழுத்து, மறுபடி சுரண்டி, இப்படியே நாள் போகும். அதிகமாக வளைகிற இடத்தைத் தொடவே கூடாது.

1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலீஷ் போர்க்கப்பலில் இப்படிச் செய்த விற்கள் நூற்றுக்கு மேல் முழுசாகக் கிடைத்தன, பெரும்பாலானவை ஆறடிக்கும் மேல் நீளம்.

முக்கியமாக, யூ மரத்தூள் விஷம். முகக்கவசம் இல்லாமல் இழைக்காதீர்கள்.