மூன்றரை லட்சத்துக்கு ஆறு மாத டிகிரி: கட்டலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 33. ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். பத்தாவது முடித்து இரண்டு வருஷம் ஐடிஐ ஃபிட்டர் படித்தேன். ஒன்பது வருஷமாக இங்கே சிங்கப்பூரில் கட்டுமான வேலை, வொர்க் பெர்மிட். பேசிக் 1,150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைம் சேர்ந்தால் 1,700 பக்கம் வரும். கையில் 4,500 வெள்ளி சேர்த்திருக்கிறேன். ஊரில் மனைவியின் நகை 2 லட்ச ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, நூற்றுக்கு ஒன்றரை வட்டி. இந்தியாவில் வந்திருக்கும் புதிய கிரெடிட் திட்டத்தில் ஐடிஐ படிப்பையும் வேலை அனுபவத்தையும் கிரெடிட்டாக மாற்றி ஆறு மாதத்தில் பி.டெக் வாங்கித் தருவதாக ஊரில் ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். மூன்றரை லட்சம் கேட்கிறார். 10,000 ரூபாய் முன்பணமும் ஐடிஐ சான்றிதழும் கொடுத்துவிட்டேன். டிகிரி வந்தால் வொர்க் பெர்மிட்டுக்கு மேலான வேலை அனுமதியான எஸ் பாஸ் கிடைக்கும் என்கிறார். எங்கள் சூப்பர்வைசர் சிங்கப்பூரர். அவர் அரசு படிப்புக்குத் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் படிக்கிறார். எனக்கும் அது கிடைக்குமா? தம்பி இப்போது ஐடிஐ இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்காவது இந்தக் கிரெடிட் உதவுமா?

பதில்: தம்பி, மூன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள். அந்தக் கிரெடிட் திட்டம் உண்மையில் இருக்கிறது. ஏஜெண்ட் விற்பது வேறு சரக்கு.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அசோகச் சின்னம், நடுவில் கருப்பு அங்கி போட்ட ஒரு பையன். கீழே பதிவுக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று மூன்று வரி. பட்டம் தரப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டு மொய்க் கணக்கை மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கிறது.

சரி, திட்டம் என்னவென்று பார்ப்போம். இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பு 2023 ஏப்ரலில் வெளியானது. பள்ளிப் படிப்பு, தொழிற்பயிற்சி, கல்லூரி மூன்றையும் ஒரே அளவுகோலால் அளப்பதுதான் அதன் வேலை. 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். வருஷத்துக்கு 1,200 மணி, 40 கிரெடிட். வேலை அனுபவத்துக்கும் இதில் மதிப்பு உண்டு. ஏஜெண்ட் சொன்னதில் இந்த ஒரு துண்டு நிஜம். ஆனால் தேர்வோ மதிப்பீடோ இல்லாமல் எந்தக் கிரெடிட்டும் ஏறாது. அனுபவத்துக்கு வரக்கூடியதும், அந்த வேலைக்காக முன்பு படித்த பயிற்சிக்குக் கிடைத்த கிரெடிட் அளவுக்குள்தான்.

கிரெடிட்டைப் போட்டு வைக்கும் கணக்கை டிஜிலாக்கர் வழியாக இலவசமாகத் திறக்கலாம். அதில் கிரெடிட் போடுவது கல்வி நிறுவனம் மட்டுமே. நீங்களும் போட முடியாது, ஏஜெண்டும் முடியாது. பொதுவாக 7 ஆண்டு வரைதான் அது செல்லும். பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டைப் படித்து எடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நாலாண்டு பி.டெக்கில் பாதி என்றாலே இரண்டு வருஷம். ஆறு மாதம் எங்கிருந்து வந்தது? தபாலில் படிக்கலாமே என்பார்கள். முறையான அனுமதி இல்லாமல் தொலைநிலைக் கல்வியில் தந்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது.

காகிதத்தை எப்படியோ வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் காட்டி இங்கே பாஸுக்கு விண்ணப்பித்தால், மனிதவள அமைச்சிடம் பொய்த் தகவல் கொடுத்த குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி இங்கே வேலைக்கு வரவும் முடியாமல் போகலாம். எஸ் பாஸுக்கு முதல் தடை டிகிரியும் இல்லை, சம்பளம். 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சமே 3,300 வெள்ளி. வயது ஏற ஏற அதுவும் ஏறும். உங்கள் பேசிக் 1,150. நடுவில் இருக்கும் பள்ளத்தை எந்தச் சான்றிதழும் தூர்க்காது.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் உங்களுக்குக் கிடையாது. 25 வயதில் 500 வெள்ளி, 40 வயது ஆனவர்களுக்கு 2024 முதல் கூடுதலாக 4,000 வெள்ளி. இரண்டும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும். (குடிமகனாக இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த 4,000 வெள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.)

உங்களுக்கு இங்கே வேறொரு கதவு இருக்கிறது. ஊர் டிகிரியைவிட அதில்தான் எனக்கு அக்கறை, ஏனென்றால் அதற்குக் காசு கொடுக்க ஓர் ஆள் தயாராக இருக்கிறார்: உங்கள் முதலாளி.

கட்டுமானத் துறையில் சாதாரண ஸ்கில் தொழிலாளருக்கு முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கான வரி, கட்டுகிறார். ஹையர் ஸ்கில் (கூடுதல் திறன் உள்ளவர்) என்று உங்களைப் பதிந்துவிட்டால் அது 500. மாதம் 400 மிச்சம், வருஷத்துக்கு 4,800. லெவி முதலாளியின் செலவு, உங்கள் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் மிச்சமும் முதலில் அவர் பைக்குத்தான் போகும். அதில் ஒரு பங்கைக் கேட்டு வாங்குவது உங்கள் சாமர்த்தியம். கம்பெனியின் கட்டுமான வொர்க் பெர்மிட் ஆட்களில் 10 விழுக்காடாவது ஹையர் ஸ்கில்லாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கிறது. அவருக்கும் ஆள் தேவை.

ஹையர் ஸ்கில் ஆக இரண்டு வழி உங்களுக்குப் பொருந்தும். முதல் வழி: இங்கே கட்டுமானத்தில் ஆறு ஆண்டு அனுபவமும், ஓவர்டைம் சேர்க்காத நிலையான மாதச் சம்பளம் 1,600 வெள்ளியும் இருந்தால் போதும், தேர்வு வேண்டாம். அனுபவம் இருக்கிறது, சம்பளம் இல்லை. இரண்டாவது வழி கோர்டிரேட் (முக்கியமான ஒரு கட்டுமானத் தொழிலில் தேறுவது) அல்லது மல்டி ஸ்கில் (ஒன்றுக்கு மேற்பட்ட தொழிலில் தேறுவது). அனுபவத்தோடு ஸ்கில் டெஸ்ட் தேற வேண்டும், ஆனால் 1,600 என்ற நிபந்தனை கிடையாது.

இப்போது முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். உங்கள் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் 60 மணி நேரம் இருக்கிறது. 1,150 பேசிக்குக்கு மணிக்கூலி 6 வெள்ளி 3 காசு. ஒன்றரை மடங்கில் 60 மணிக்கு 543 வெள்ளி. மொத்தம் 1,693. பேசிக்கை 1,600 ஆக்கினால் ஓவர்டைமும் கூடவே ஏறி மொத்தம் 2,355 ஆகிவிடும். அவருக்குக் கூடும் செலவு 662, லெவியில் மிச்சம் 400. மாதம் 262 வெள்ளி கைநட்டம். ‘பார்க்கலாம்’ என்பார், பார்க்கவே மாட்டார்.

அதனால் கோர்டிரேட் வழியைப் பிடியுங்கள். தேர்வில் தேறிய கையோடு பேசிக் 1,300 கேளுங்கள். ஓவர்டைம் சேர்த்து உங்களுக்கு 1,914 வரும், அதாவது மாதம் 221 வெள்ளி கூடுதல். அவருக்கு 400 மிச்சத்தில் 221 போய் இன்னும் 179 லாபம். இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பயிற்சிக் கட்டணத்தையும் கம்பெனி கட்டட்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகள் கட்டும், சில பாதி தரும். கட்டினால் எத்தனை வருஷம் இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். வொர்க் பெர்மிட்டில் இத்தனை வருஷம்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், வயது வரம்பும் 63. மாதம் 221 என்பது ஒரு வருஷத்துக்கு 2,652 வெள்ளி. இன்னும் பத்து வருஷம் இங்கே இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் கிரெடிட் என்ற சொல்லுக்கு உண்மையான பயன் அவனுக்குத்தான். தமிழ்நாட்டில் பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமா முடித்தால் பி.இ-யிலும் நேரே இரண்டாம் ஆண்டு. இந்த ‘லேட்டரல் என்ட்ரி’ பல வருஷமாக நடப்பதுதான். படித்ததை மறுபடி படிக்க வைக்காதே என்பதே இதன் பொருள். புதிய கட்டமைப்பும் அதையேதான் நாடு முழுவதற்கும் ஒரு கணக்குமுறையாக எழுதியிருக்கிறது என்பது என் எண்ணம். தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. ஆகவே புதிய கிரெடிட்டை எந்தக் கல்லூரி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல், பழைய வழியிலேயே அவனை அனுப்புங்கள். கிரெடிட் கணக்கையும் திறந்து வைக்கட்டும், காசா பணமா. பிளஸ் டூ மொழிப்பாடத் தேர்வையும் எழுதிவிட்டால் ஐடிஐ சான்றிதழோடு சேர்ந்து அது பிளஸ் டூவுக்கு இணையாகும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தேவைப்படும். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்றும் கேளுங்கள்.

கையிலிருக்கும் 4,500 வெள்ளியை என்ன செய்வது? முதலில் நகை. நூற்றுக்கு ஒன்றரை என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். வருஷத்துக்கு 18 விழுக்காடு, ரூபாயில் 36,000. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் சுமார் 3,080 வெள்ளியில் அசலை அடைத்துவிடலாம். அனுப்பும் நாளில் தேக்காவில் (லிட்டில் இந்தியா) பணம் அனுப்பும் இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள். நகை வீட்டுக்கு வந்த மாதத்திலிருந்து, இதுவரை வட்டிக்குப் போன 3,000 ரூபாயைத் தம்பி பெயரில் அஞ்சலகத் தொடர் வைப்பில் போடச் சொல்லுங்கள். அரசு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தால் வருஷக் கட்டணம் அந்தப் பணத்துக்குள் அடங்கிவிடும். மீதி 1,400 வெள்ளிச் சொச்சத்தைத் தொடாதீர்கள். கம்பெனி ஸ்கில் டெஸ்டுக்குப் பணம் தராவிட்டால் மட்டும் அதிலிருந்து எடுங்கள், ரசீது வாங்கிக்கொண்டு.

அப்புறம், இதையெல்லாம்விட அவசரமான ஒன்று. ஏஜெண்டிடம் கொடுத்த ஐடிஐ சான்றிதழ் அசலா, நகலா என்று நீங்கள் எழுதவில்லை. அசல் என்றால் இன்று இரவே மனைவிக்குப் போன் செய்யுங்கள். தம்பியும் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஒரு பெரியவரும் நேரில் போய், ‘அண்ணனுக்குக் கம்பெனியில் கேட்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லி வாங்கி வரட்டும். பட்டம் வேண்டாம் என்ற பேச்சைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு எடுத்தால் போதும். 10,000 ரூபாயையும் கேட்டுப் பாருங்கள். அது வராவிட்டாலும் சான்றிதழை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.