பகுதி எண் மாறும்போது

அன்புள்ள ஐயா,

ஏழு ஆண்டுகளாகப் பறவை பார்க்கிறேன். இதுவரை 412 இனங்கள். சென்ற ஆண்டு முதல், ஒவ்வொரு குடும்பத்திலும் இன்று உயிரோடு இருக்கும் இனங்களில் எத்தனை சதவீதம் பார்த்திருக்கிறேன் என்று தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறேன். பூநாரைகளில் ஆறுக்கு இரண்டு, விராலடிப்பானில் ஒன்றுக்கு ஒன்று, டைரன்ட் ஈப்பிடிப்பான்களில் பூஜ்யம். உலகப் பறவை இனங்களின் புதிய பட்டியல் வந்ததும் சில குடும்பங்களில் என் சதவீதம் இறங்கிவிட்டது. பார்த்த பறவை ஒன்றுகூடக் குறையவில்லையே என்று மனம் சோர்ந்துபோனது. நண்பர்கள் இதை எண் பித்து என்கிறார்கள். தொடரலாமா? அழிந்துபோன இனங்களையும் சேர்க்க வேண்டுமா? கூகையை ஐரோப்பாவில் ஒரு முறையும் தெற்காசியாவில் பல முறையும் பார்த்திருக்கிறேன். அதை இப்போது எப்படி எழுதுவது?

க.

அன்புள்ள க.,

தொடருங்கள். 412 என்ற எண் நீங்கள் பார்த்ததை மட்டும் சொல்கிறது. குடும்பவாரிக் கணக்கு நீங்கள் பார்க்காததையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதனால்தான் எனக்கு இந்த முறைமேல் இத்தனை பிரியம்.

பூநாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 33 சதவீதம் என்று எழுதிவிட்டீர்கள். மீதி நான்கும் அமெரிக்கக் கண்டங்களின் பக்கம் நிற்கின்றன. அவற்றில் மூன்று தென் அமெரிக்காவின் தென்பாதிக்கு உரியவை; ஆண்டிஸ் மலைமேட்டின் உப்பேரிகளில் அந்த மூன்றும் ஒரே நீரில் மேய்வதும் உண்டு. மூன்றில் ஒன்றான ஜேம்ஸ் பூநாரை அழிந்தே போய்விட்டது என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். 1950-களில்தான் அது மீண்டும் கண்டறியப்பட்டது. ஒரு பறவைக் குடும்பம் உலகத்தில் எங்கெங்கே பரவியது, எங்கே ஒதுங்கியது என்பதை அந்த நான்கு காலிக் கட்டங்கள் உங்களிடம் கேட்கவைக்கின்றன. டைரன்ட் ஈப்பிடிப்பான்களில் நீங்கள் வாங்கிய பூஜ்யமும் இதே வகைதான். 400-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட மாபெரும் குடும்பம் அது. ஆனால் அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே குடியேறவே இல்லை. அங்கே கால் வைக்காதவருக்குப் பூஜ்யம்தான் வரும். அதற்காக வருந்தாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் குடும்பங்களின் சதவீதத்தையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். 2025-இல் வெளிவந்த ஏவிலிஸ்ட் என்ற உலகப் பறவைப் பட்டியலில் 11,131 இனங்களும் 252 குடும்பங்களும் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஒன்று என்று 252 பறவைகளை ஒருவர் பார்த்துவிட்டால் எந்தக் குடும்பமும் அவருக்கு அந்நியமில்லை; ஆனால் இனக்கணக்கில் அவர் 2.3 சதவீதத்தைத்தான் தொட்டிருக்கிறார். உங்கள் 412 அதைவிட அதிகம், 3.7 சதவீதம். சராசரி எடுத்தால் ஷூபில் என்ற ஆப்பிரிக்கப் பறவையின் ஒற்றை இனக் குடும்பமும் 400 இனக் குடும்பமும் ஒரே எடையாகிவிடும். ஒற்றை இனக் குடும்பங்களில் சதவீதத்துக்குப் பொருளும் இல்லை. பூஜ்யம் அல்லது நூறு, நடுவே எதுவும் கிடையாது. தென் அமெரிக்காவின் ஹோட்சின் பறவையைப் பார்த்தவர் நூறு சதவீதம் முடித்தேன் என்று சொல்லலாம். இலையைத் தின்று தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் நொதிக்கவைத்துச் செரிக்கிற, குஞ்சுப் பருவத்தில் சிறகில் நகம் வைத்துக் கிளை பற்றி ஏறுகிற ஒரு தனி மரபைக் கண்ணால் கண்டேன் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

இனி உங்கள் சோர்வுக்கு வருகிறேன். பள்ளியில் படித்தோமே, தொகுதி மேலே, பகுதி கீழே. மேலே இருப்பது உங்கள் உழைப்பு. கீழே இருப்பது அறிவியலின் அன்றைய முடிவு; அது நகர்ந்துகொண்டேதான் இருக்கும். மூன்று இனங்களாக இருந்த ரெட்போல் சிட்டுகளை, கிளெமெண்ட்ஸ் என்ற இன்னொரு உலகப் பறவைப் பட்டியல் 2024-இல் ஒரே இனமாக இணைத்தது. மூன்றையும் தேடி அலைந்தவர்கள் ஒரே நாளில் இரண்டை இழந்தார்கள். மறுபக்கம் புதியவையும் சேர்கின்றன. 8,000 இனங்களுக்குமேல் பார்த்த முதல் மனிதரான ஃபீபி ஸ்னெட்சிங்கர், 1999-இல் மடகாஸ்கரில் சாலை விபத்தில் இறப்பதற்குச் சற்றுமுன் பார்த்த பறவைகளில் ஒன்று செந்தோள் வாங்கா. அந்த இனம் அறிவியலுக்கு அறிமுகமானதே 1997-இல்தான். அவர் பறவை பார்க்கத் தொடங்கிய காலத்தில் வாங்கா குடும்பத்தின் பகுதி எண்ணில் அதற்கு இடமே இல்லை. ஆகவே ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பழைய சதவீதத்தை அழிக்காமல் கீழே புதியதை எழுதுங்கள்.

அழிந்த இனங்களைப் பகுதி எண்ணில் சேர்க்க வேண்டாம். அதே சமயம், அவசரப்பட்டு யாரையும் நீக்கவும் வேண்டாம். தந்த அலகு மரங்கொத்திக்கு 1944-க்குப் பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்ட சான்று இல்லை. 2021-இல் அமெரிக்க அரசு அதை அழிந்ததாக அறிவிக்க முன்மொழிந்தது. 2023-இல் 21 உயிரினங்களை அப்படி அறிவித்தபோது இந்த மரங்கொத்தியை அதில் சேர்க்கவில்லை. மரங்கொத்திப் பக்கத்தில் அதற்கு நான் இன்னும் இடம் விட்டுவைத்திருக்கிறேன், அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நூறு கிடைக்காமல் போனாலும் சரி.

அந்த 21-இல் காவாய் ஓஓ என்ற ஹவாய்ப் பறவை இருந்தது. அது உட்பட ஹவாய்த் தீவுகளின் ஐந்து பறவைகளைத் தேன்குடிப்பான் குடும்பத்தில்தான் நெடுநாள் வைத்திருந்தார்கள். 2008-இல் அருங்காட்சியகத்தில் பாடம்செய்து வைத்த உடல்களின் மரபணுவைப் பார்த்தபோது அவை முற்றிலும் வேறு குடும்பம் என்று தெரிந்தது. அந்தப் புதிய குடும்பத்துக்குப் பெயர் வைக்கும்போது ஐந்தில் ஒன்றும் மிச்சமில்லை. கடைசியானதான காவாய் ஓஓவின் குரலை 1987-க்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் உங்கள் தொகுதியும் பூஜ்யம், பகுதியும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. என் குறிப்பேட்டில் அதற்கு ஒரு பக்கம் உண்டு. ஐந்து பெயர்களை எழுதி, சதவீதக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்களும் அப்படி ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கூகை விஷயம் எளிது. 2024-இல் கிளெமெண்ட்ஸ் பட்டியல் அதை மேற்கு, கிழக்கு, அமெரிக்கக் கூகை என்று மூன்றாகப் பிரித்தது. ஐரோப்பாவில் இருப்பது மேற்கு. தெற்காசியாவில் இருப்பது கிழக்கு. பழைய குறிப்பில் தேதியோடு இடமும் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால், கூகைக் குடும்பத்தின் பக்கத்தில் ஒன்று என்பதற்குக் கீழே இரண்டு என்று எழுதிக்கொள்ளலாம்.