வலையில் ஓர் ஓட்டை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், ‘வி.ஏ.ஆர். வந்த பிறகும் நடுவரைத் திட்டுவது குறையவில்லை. திட்டு வாங்குகிறவர்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். ஆகவே முழங்கால் வலி, பள்ளி விளையாட்டு விழா பற்றிய கேள்விகள் அடுத்த மாதத்துக்குப் போகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்பந்து பார்க்காதவர்களுக்கு: வி.ஏ.ஆர். என்றால் ஓர் அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து மைதான நடுவரின் காதில் பேசும் துணை நடுவர். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாற்றி அட்டை காட்டியது ஆகிய நான்கில் மட்டும், அதுவும் அப்பட்டமான தவறென்றால்தான் தலையிடலாம் என்று வகுத்துக்கொண்டு வந்தார்கள். 2018 மார்ச்சில் ஆட்டச் சட்டத்தில் ஏறியது. அந்த ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில்தான் எல்லோருக்கும் அறிமுகமானது.

கத்தாருடன் இந்தியா ஆடிய ஆட்டத்தில் வி.ஏ.ஆர். இருந்திருந்தால் நாம் ஜெயித்திருப்போமா?
– கே.எஸ்., திருச்சி

ஜெயித்திருப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த கோல் நின்றிருக்காது என்று மட்டும் சொல்லலாம்.

2024 ஜூன் 11, தோஹா. சுனில் சேத்ரி ஓய்வு பெற்ற பிறகு முதல் ஆட்டம். 37ஆவது நிமிடத்தில் சாங்டே கோல் போட்டுவிட்டார். அன்று வென்றிருந்தால் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் முதன்முறையாக மூன்றாம் சுற்று. 73ஆவது நிமிடத்தில் கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். பந்து மெல்ல உருண்டு கோல் கம்பத்துக்கு வெளியே கோட்டைத் தாண்டிவிட்டது. கார்னர்தான் என்று நம் ஆட்கள் நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துப் போட்டார் ஒரு கத்தார் ஆட்டக்காரர்; அய்மன் வலைக்குள் தள்ளினார். கோல் என்றார்கள். கடைசியில் 2–1 என்று தோற்றோம்.

டிவி பார்த்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. மைதானத்தில் விசிலும் கொடியும் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அவர்களை நான் திட்ட மாட்டேன். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டியதா என்று பார்க்க, கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இரண்டடி உள்ளே தள்ளி நின்றாலே கண் ஏமாற்றிவிடும். நடுவில் கோல்கீப்பர் வேறு விழுந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று. ‘கோல் கோட்டுத் தொழில்நுட்பம் இருந்தால் போதுமே’ என்று அன்று பலர் எழுதினார்கள். போதாது. அது இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இருக்கும் கோட்டை மட்டும் பார்க்கும். பந்து போனது கம்பத்துக்கு வெளியே. அதைப் பிடிக்க ரீப்ளே பார்க்கும் ஆள் வேண்டும். அந்தச் சுற்றில் வி.ஏ.ஆர். கிடையாது, ஆசியாவில் மூன்றாம் சுற்றிலிருந்துதான். நமக்குக் கதவு சாத்தப்பட்டது அதற்கு முந்தின சுற்றில்.

இத்தனை கேமரா வைத்துப் பார்த்தும் எப்படித் தவறு வருகிறது?
– ரா.கு., கோயம்புத்தூர்

2023 செப்டம்பர் 30, இங்கிலாந்தில் நடந்த டாட்டன்ஹாம் – லிவர்பூல் ஆட்டத்தைச் சொல்கிறேன். 0–0 என்றிருந்தபோது லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார் (சக ஆட்டக்காரர் பந்தைத் தட்டிவிடும் நொடியில், எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளைத் தாண்டி முன்னால் நின்றால் ஆஃப்சைடு). அறையில் இருந்தவர் படத்தைப் பார்த்தார்; ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்ற நினைப்பில், ‘பார்த்தாகிவிட்டது’ என்று சொல்லி முடித்துவிட்டார். மைதான நடுவரோ தன்னுடைய ஆஃப்சைடு முடிவுதான் சரி என்று புரிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில விநாடிகளில் அறைக்குள் ஒரே கலவரம். ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு திரும்பிப் போகச் சட்டத்தில் வழியில்லை. லிவர்பூல் 2–1 என்று தோற்றது. அந்த அறையின் ஒலிப்பதிவைச் சில நாள் கழித்து நடுவர் அமைப்பே வெளியிட்டது. கேட்டால் பாவமாக இருக்கும்.

கேமரா ஒரு தவறும் செய்யவில்லை. கெடுத்தது ஒரு சொல். நான் மாவட்டப் போட்டிகளில் விசில் ஊதிய காலத்தில் என் லைன்ஸ்மேன்களுக்கு ஒரு கட்டளை: என்னிடம் ‘சரி’ என்று சொல்லவே கூடாது. எது சரி? நான் சொன்னதா, நீ பார்த்ததா? ‘கோல்’ அல்லது ‘கோல் இல்லை’. அவ்வளவுதான். லண்டனில் பல கோடி ரூபாய் கருவிகளோடு உட்கார்ந்திருந்தவர்களும் இதே குழியில்தான் விழுந்தார்கள்.

கால் பெருவிரல் நீளத்துக்கு ஆஃப்சைடு என்று கோலை ரத்து செய்வது நியாயமா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

கோடு என்றால் கோடுதான். ஆனால் முதல் சில வருடங்கள் அவர்கள் திரையில் கோடு போட்டுக் காட்டியதை நான் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகமாக ஓடும் ஆட்டக்காரர் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டர் போகிறார். விநாடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவர் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். டிஃபென்டர் எதிர்த்திசையில் ஓடினால் வித்தியாசம் ஓர் அடியைத் தாண்டும். பந்து காலைவிட்டுக் கிளம்பியது இந்தப் படத்திலா, அடுத்ததிலா என்பதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அப்புறம் விரல் நுனிக்குக் கோடு போட்டார்!

2022 கத்தார் உலகக் கோப்பையில் நிலைமை மாறியது. கூரையில் 12 கேமரா, ஒவ்வோர் ஆட்டக்காரர் உடம்பிலும் அவை பின்தொடரும் 29 புள்ளிகள், பந்துக்குள்ளே விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார். தொடக்க ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா போட்ட கோல் ஆஃப்சைடு என்று ரத்தானது. அந்த முடிவுகளை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஜப்பான் – ஸ்பெயின் ஆட்டமும் அதே மாதிரி. ஜப்பான் கோலுக்கு முன்னால் பந்து வெளியே போய்விட்டது என்று டிவியில் சத்தியம் செய்யலாம் போல இருந்தது. மேலிருந்து பார்த்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓரம் கோட்டுக்கு மேலே நின்றது. ஜப்பான் வென்றது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி ஊருக்குப் போனது.

எனக்குத் தகராறு கோட்டில் இல்லை, கையில். 2018 இறுதி ஆட்டத்தில் குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டது. நடுவர் பிட்டானா ஓரத் திரைக்குப் போய்ப் பார்த்தார், திரும்பினார், மனசு கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தார், பெனால்டி கொடுத்தார். பிரான்ஸ் 2–1 என்று முந்தியது, 4–2 என்று கோப்பையை வாங்கியது. எத்தனை தடவை பார்த்தாலும் வேண்டுமென்றே பட்டதா என்பதைத் திரை சொல்லாது. வேகத்தைக் குறைத்துப் போட்டால் தும்மல்கூட வேண்டுமென்றே செய்தது மாதிரிதான் தெரியும். எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் மெதுவாக ஓட்டு, ஹேண்ட்பாலா என்று முடிவு செய்யச் சாதாரண வேகத்தில் பார் என்று வி.ஏ.ஆர். விதியிலேயே இருக்கிறது. டிவிக்காரர்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. மெதுவாக ஓட்டியதைப் பத்துத் தடவை பார்த்துவிட்டு நாம் தீர்ப்பு எழுதுகிறோம்.

வி.ஏ.ஆர். இருந்திருந்தால் மாரடோனாவின் ‘கடவுளின் கை’ கோல்?
– பெ.ம., புதுச்சேரி

ஒரு நிமிடத்தில் போயிருக்கும். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் கையால் தட்டி கோலாக்கிய அந்தப் பந்து பல வருடம் அன்றைய நடுவர் அலி பென்னாசரிடம்தான் இருந்தது. 2022இல் ஏலத்தில் இருபது லட்சம் பவுண்டுக்குப் போனது. தவறிய தீர்ப்புக்கு இப்படி ஒரு ஓய்வூதியம் எங்களுக்கெல்லாம் வாய்க்கவில்லை.

நீங்கள் தவறாகக் கொடுத்த தீர்ப்பு ஏதாவது? மழுப்பாமல் சொல்லவும்.
– ஜெ.தா., நாகர்கோவில்

நாகர்கோவில் என்பதால் உங்களுக்கு விஷயம் தெரிந்தே கேட்கிறீர்கள் என்று சந்தேகப்படுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) இறுதி ஆட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம். கோலுக்குக் கட்டியிருந்தது பழைய மீன்வலை. மாலை மங்கிய நேரம், மணல் தரை, 1–1. இடப்பக்கத்திலிருந்து ஒரு பையன் அடித்தான். பந்து வலைக்குள் கிடந்தது. நான் கோல் என்று நடுப் பகுதியைக் காட்டி விசில் ஊதினேன். அடித்த பையன் துள்ளவில்லை. தலையில் கை வைத்தபடி திரும்பியவன், ஊர் கூச்சல் போட்ட பிறகுதான் சிரித்தான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை. கோல்கீப்பர் ஓடிவந்து, “சார், சைடு வழியா போச்சு சார்” என்றான். “போய் நில்லுடே” என்றேன்.

பரிசு கொடுத்து முடித்ததும் எட்டு வயசுப் பையன் ஒருவன் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். பக்கவாட்டு வலையில் ஓர் ஓட்டை. அதில் தோள்வரை கையை விட்டுக் காட்டினான். ஒன்றும் பேசவில்லை.

வீடியோ இருந்தது, தெரியுமா? விழாக் குழு கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தது. இரண்டு வாரம் கழித்து கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் கேமரா மேடையில் இருந்தது. சிறப்பு விருந்தினருக்கு சோடா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2013 அக்டோபரில் ஜெர்மனியில் ஹோஃபன்ஹைம் – லெவர்குசன் ஆட்டத்தில் இதே கதை நடந்தது. கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து பக்க வலையின் ஓட்டை வழியாக உள்ளே போனது. அவரும் தலையில் கை வைத்தார். அங்கேயும் கோல் கொடுத்தார்கள். லெவர்குசன் 2–1, மறு ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு நிம்மதி வந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

ஐரோப்பாவிலேயே வி.ஏ.ஆர். வேண்டாம் என்கிறார்களாமே?
– சு.வே., சேலம்

வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், ஜெயிக்கத்தான் இல்லை. இங்கிலாந்தில் வுல்வ்ஸ் அணி கொண்டுவந்த தீர்மானம் 2024 ஜூனில் 19–1 என்று தோற்றது. அந்த ஒன்று அவர்களே. நார்வேயில் கொஞ்சம் காரம் அதிகம்: 2024 ஜூலையில் ரோசன்போர்க் – லில்லஸ்ட்ரோம் ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்தையும் மீன் வடையையும் எறிந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். (எங்கள் கடற்கரையில் மீனை இப்படி யாரும் வீணாக்க மாட்டார்கள்.) மறு வருடம் ஜனவரியில் கிளப்புகள் 19–13 என்று எடுத்துவிடச் சொல்லின, மார்ச்சில் நாட்டின் கால்பந்துச் சங்கம் கூடி, இருக்கட்டும் என்றது. ஸ்வீடனின் முதல் நிலை லீகில் வி.ஏ.ஆர். வரவே இல்லை. அங்கே கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்களான ரசிகர்கள் கையில், அவர்கள் விடவில்லை.

கோபத்துக்குக் காரணம் தவறு மட்டும் இல்லை. கோல் விழுந்ததும் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடிப்பதற்காகத்தான் பாதிப் பேர் மைதானத்துக்கு வருகிறார்கள். இப்போது கட்டிப்பிடிக்கலாமா என்று காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. என்ன பார்க்கிறார்கள் என்றும் முதல் சில வருடங்கள் சொன்னதில்லை. 2023 மகளிர் உலகக் கோப்பையில் நடுவரே ஒலிபெருக்கியில் முடிவைச் சொன்னார்கள். அது நல்ல பழக்கம்.

கிரிக்கெட் மாதிரி அணிகளே ரிவ்யூ கேட்டால் என்ன?
– அ.ஹ., மேலப்பாளையம்

எனக்குப் பிடித்த வழி அதுதான். ஃபிஃபா 2024இல் மகளிர் இளையோர் உலகக் கோப்பைகளில் வைத்துப் பார்த்தது. பயிற்சியாளருக்கு ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. அவர் சொன்னது சரியென்றால் வாய்ப்பு குறையாது. தனி அறை, தனி நடுவர் யாரும் வேண்டாம். மைதான நடுவரே ஓரத்தில் திரையைப் பார்த்து முடிவெடுப்பார். நாலைந்து கேமரா உள்ள ஊருக்குத் தாங்கும். தோஹா ஆட்டத்தில் இது இருந்திருந்தால் நம் பயிற்சியாளர் அந்த நொடியே கை தூக்கியிருப்பார்.

பிளஸ் டூ படிக்கிறேன். நடுவராக ஆசை. ‘இனி கம்ப்யூட்டர்தான் நடுவர், உனக்கு என்ன வேலை’ என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

மகளே, உன் ஊர்க்காரர் ரூபா தேவி இந்திய அணிக்கு ஆடியவர், பிறகு ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பிடித்தவர். வீட்டில் அதைச் சொல். நம் மாவட்டங்களில் நடக்கும் ஆட்டங்களில் ஒரு கேமராவும் இருக்காது, நீயும் விசிலும்தான். மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று விசாரித்து வை. அதுவரை பள்ளிக்கூட ஆட்டங்களில் கொடி பிடி. தினமும் ஓடு. ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் போய் இரண்டு கோல் வலைகளையும் சுற்றி வந்து கையால் இழுத்துப் பார். பக்கவாட்டில் கட்டாயம் பார்.