புராஸ்டேட் வீக்கத்துக்கு அமினோ அமில மாத்திரைகள் பயன்படுமா?

கிளைசின், அலனைன், குளுட்டாமிக் அமிலம் ஆகிய மூன்று அமினோ அமிலங்களும் (புரதத்தின் கூறுகள்) சேர்ந்த மாத்திரை, தங்கள் தந்தையாரின் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) வீக்கத்தைக் குறைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுரப்பியைச் சுருக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

இக்கலவையின் புகழுக்கு அடிப்படை, 1958இலும் 1962இலும் அமெரிக்காவில் வெளியான இரண்டு சிறிய ஆய்வுகளே. இரவில் பலமுறை எழுவதும் சிறுநீரை அடக்க இயலாத அவசரமும் தணிந்ததாக அவை கூறின. ஆனால் இத்தொல்லைகள் எந்த மருந்துமின்றியே சில மாதங்கள் கூடியும் குறைந்தும் வருபவை என்பதாலும், வெற்று மாத்திரை விழுங்கியவர்களிடமும் ஓரளவு தணிபவை என்பதாலும், அவ்வாய்வுகளை மட்டும் நம்பி முடிவுசெய்ய இயலாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 1990இல், இம்மூன்றையும் புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்தென்று கூறி மருத்துவர் சீட்டின்றி விற்பதை, போதிய சான்றில்லை என்று தடைசெய்தது. (துணையுணவு என்ற பெயரில் விற்பனை தொடர்வது வேறு கதை.)

மூன்றையும் உடலே தயாரித்துக்கொள்கிறது; பருப்பிலும் மீனிலும் முட்டையிலும் அவை தாராளமாக உள்ளன. ஆகவே எனக்குக் கவலை தருவது மாத்திரையன்று, அதை நம்பிக் கழியும் மாதங்கள்தாம். இவ்வீக்கத்துக்குப் பயன்படும் மருந்துகளில் டாம்சுலோசின் சிறுநீர்ப்பாதையின் தசையைத் தளர்த்துகிறது, ஃபினாஸ்டெரைடு பல மாதங்களில் சுரப்பியைச் சுருக்குகிறது. எது பொருந்தும் என்பதைச் சிறுநீரக அறுவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலோ, சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.